சுவாமி போன பிறகு பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டது?

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வச்சுக்கிட்டு உட்கார்ந்து படிங்க.

அன்னை மங்களம் 2023 ஜூன் 10-ஆம் தேதி காலமானபோது அவருக்கு 97 வயது. அன்னைக்கு நம்ம எல்லாருடைய வாட்சாப் குழுவிலும் அவர் படம்தான். வெள்ளைப் புடவை, அந்தச் சிரிப்பு, கீழே "ஆழ்ந்த இரங்கல்". நானும்தான் பகிர்ந்தேன். ஆனா அந்தப் படங்களில் எதிலும் சொல்லாத ஒரு வருடம் இருக்கு, 1961. என் கணக்குப்படி, ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் அமைப்பை நடத்துறது என்றால் என்னன்னு தெரிஞ்சுக்கணும்னா அந்த வருடத்திலிருந்துதான் படிக்கணும். அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

சயாம் ரயில் கதை நம்ம வீடுகளில் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீங்க. ஜப்பான்காரன் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிச்ச 415 கிலோமீட்டர் தண்டவாளம். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு போனான். சம்பளம் உண்டு, அரிசி உண்டு என்று சொல்லியும் கூட்டிப் போனான், சினிமா கொட்டகை வாசலில் வளைச்சுப் பிடிச்சும் ஏத்தினான். காலரா, மலேரியா, பட்டினி. போனவர்களில் பெரும்பாதி திரும்பவில்லை என்று சொல்லும் தோட்டங்கள் உண்டு. நாம ரயிலைப் பத்தி நிறைய பேசுறோம். லயத்தில் விட்டுட்டுப் போன பிள்ளைகளைப் பத்திக் குறைவாகத்தான் பேசுறோம். அப்பன் சயாமில் போயிட்டான், அம்மா மரவள்ளிக்கிழங்கும் காய்ச்சலுமா இங்கேயே போயிட்டாள். 1945-இல் யுத்தம் முடிஞ்சப்போ அந்தப் பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு, பத்து வயசு.

யுத்தம் முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள 1948 ஜூனில் அவசரகாலம் வந்துடுச்சு. தோட்டங்களைச் சுத்தி முள்கம்பி, ஊரடங்கு, அரிசிக்கு அளவு. 1923-ஆம் வருடத் தொழிலாளர் சட்டப்படி, தோட்டத்தில் ஏழிலிருந்து பதினாலு வயசுக்குள்ள பத்துப் பிள்ளைகள் இருந்தா முதலாளி ஒரு பள்ளிக்கூடம் நடத்தியாகணும். சட்டம் அப்படித்தான் சொல்லுச்சு. நடந்தது வேற. பல இடங்களில் பள்ளிக்கூடம் என்பது ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. வாத்தியார் வேலையைக் கங்காணியோ கிராணியோ சேர்த்துப் பார்த்த காலமும் உண்டு. காலையில் பெரட்டுக் களத்துக்கு அம்மாவோட போய்ட்டு வந்த பிள்ளை, பத்து மணிக்கு எழுத்துக் கூட்டி, மத்தியானம் பால் வாளி தூக்கப் போயிடும். அதுக்கு மேல படிக்கணும்னா டவுனுக்குப் போகணும். டவுனில் தங்க யார் வீடு இருக்கு?

இந்தக் கேள்விக்குப் பதிலாத்தான் கோலாலம்பூருக்குத் தெற்கே, பூச்சோங் சாலை ஆறாவது கட்டையில் சுத்த சமாஜம் வந்தது. 1949-50 காலம். ஆங்கிலத்தில் பியூர் லைஃப் சொசைட்டி. நிறுவியவர் சுவாமி சத்தியானந்தா. துறவு வாங்குறதுக்கு முன்னாடி பிரம்மச்சாரி கைலாசம் என்று அறியப்பட்டவர், ராமகிருஷ்ண மிஷன் வழியில் பயிற்சி எடுத்தவர். அன்றைக்கு அந்தச் சாலை இப்ப மாதிரி இல்லை. இப்ப அந்தப் பக்கம் எல்லாம் மேம்பாலமும் காண்டோவும்தான். அப்போ ரப்பர்க் காடு, ஈயக்குட்டை, செம்மண். அங்கே ஒரு பிள்ளைகள் இல்லம், ஓர் அச்சகம், 'தர்மா' என்று ஒரு பத்திரிகை, எல்லா மதத்துக்காரரும் வந்து உட்காரக்கூடிய ஒரு பிரார்த்தனை மண்டபம்.

அந்த அச்சகத்தைக் கவனிக்கணும். பிள்ளைகள் இல்லம் நடத்துறவர் எதுக்கு அச்சு இயந்திரம் வாங்குறார்? பத்திரிகை போடறது ஒரு காரணம். இன்னொண்ணு, என் ஊகம்தான் இது, கை நீட்டாம சாப்பிட ஒரு வழி. அச்சு வேலை வெளியிலிருந்து வரும், காசு வரும், வளர்ந்த பையனுக்கு ஒரு தொழிலும் கைக்கு வரும். அந்தக் காலத்தில் எழுத்துக் கோக்கத் தெரிஞ்சவனுக்கு வேலை கிடைக்காமப் போகாது. நன்கொடையை மட்டும் நம்பி நடக்கிற இல்லத்துக்கும், கொஞ்சமாவது சம்பாதிச்சு நடக்கிற இல்லத்துக்கும் உள்ள வித்தியாசம் தலைவருடைய குரலிலேயே தெரியும்.

சுவாமியோட கூட இருந்த இளைஞர்களில் ஒருத்தர் மங்களம். 1926-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். சமாஜம் ஆரம்பிச்சப்போ இருபத்து மூணு, இருபத்து நாலு வயசு இருக்கும்.

1961-இல் சுவாமி சத்தியானந்தா சாலை விபத்தில் இறந்துட்டார்.

இந்த இடத்தில்தான் நாம நின்னு யோசிக்கணும். நம்ம ஊரில் எத்தனையோ இல்லம், எத்தனையோ டியூஷன் நிலையம், இளைஞர் மன்றம் ஆரம்பிச்சிருக்காங்க. பாதிக்கு மேல ஆரம்பிச்சவரோடயே முடிஞ்சுபோச்சு. அவர் உடம்பு முடியாமப் போனாரோ, பிள்ளையோட ஆஸ்திரேலியா போயிட்டாரோ, நிர்வாகத்தில் சண்டையோ. பலகை மட்டும் இருக்கும். பீரோவில் பழைய மினிட் புக்கைக் கரையான் தின்னுக்கிட்டு இருக்கும். ஆரம்பிச்சவர் பேர்ல மண்டபம் கட்டுவோம், மாலை போடுவோம். ரெண்டாவதா வந்தவர் பேரு யாருக்கும் தெரியாது. வரலாற்றை நாம அப்படித்தான் எழுதி வச்சிருக்கோம், முழுக்க நிறுவனர்கள் வரலாறு.

ஒரு இல்லத்தில் தலைவர் இறந்த மறுநாள் காலையில் என்ன நடக்கணும்? பிள்ளைகளுக்குப் பசியாற ஏதாவது கொடுக்கணும். அவ்வளவுதான். கொள்கை, குறிக்கோள் எல்லாம் ஒன்பது மணிக்கு மேல. உதாரணத்துக்கு நாப்பது பிள்ளைகள் இருக்கிற ஓர் இல்லத்தை எடுத்துக்கோங்க. ஒரு நாளைக்கு மூணு வேளைன்னா 120 தட்டு. வருடத்துக்கு 43,800 தட்டு. ஒரு தட்டுக்கு ரெண்டு வெள்ளின்னு இன்றைய விலையில் ரொம்பக் கஞ்சத்தனமா போட்டாக்கூட 87,600 வெள்ளி. இதில் சட்டை இல்லை, பள்ளிக் கட்டணம் இல்லை, பல் டாக்டர் இல்லை, கரண்ட் பில் இல்லை. தீபாவளி மாசம் நாலு கார் வந்து நிக்கும், பிரியாணி தேவைக்கு மேல வரும். மார்ச் மாசம் ஒருத்தரும் வரமாட்டாங்க. மார்ச் மாதத்துச் சோறு எங்கேயிருந்து வரும்னு தெரிஞ்சு வச்சிருக்கிறவர்தான் தலைவர். மேடையில் பேசறவர் அப்புறம்.

1961-இல் அந்தப் பொறுப்பு மங்களம் அம்மாவுக்கு வந்தது. வயசு முப்பத்தஞ்சு. கல்யாணம் ஆகாத பெண். கோயில் நிர்வாகக் கூட்டத்தில் பெண்களை நாற்காலியில் உட்கார வைக்கவே தயங்கின காலம் அது. இன்னைக்கும் சில இடத்தில் அப்படித்தான், அதை விடுங்க. அந்தக் காலத்தில் ஒரு பெண் சமாஜத்துக்குத் தலைவராகி, நிலம், அச்சகம், இல்லம், கடன், அரசாங்கம் எல்லாத்தையும் பார்க்கணும். 62 வருடம் பார்த்தார். 2010-இல் மெர்டேக்கா விருது கொடுத்தாங்க. அந்த விருதுக்கு முன்னாடி அரை நூற்றாண்டு வேலை நடந்திருக்கு. அதில் பெரும்பகுதி கேமரா இல்லாத வேலை.

அந்த 62 வருடத்தில் நாட்டில் என்னென்ன மாறிச்சுன்னு பாருங்க. 1966-இல் சங்கங்கள் சட்டம் வந்தது. ஆண்டுக் கூட்டம் நடத்தி 60 நாளுக்குள்ள சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பணும், கணக்கு வைக்கணும், இல்லாட்டி பதிவே ரத்தாகலாம். 1967-இல் வருமான வரிச் சட்டம். அதில் 44(6)-ஆம் பிரிவில் அங்கீகாரம் வாங்கின அமைப்புக்குக் கொடுக்கிற நன்கொடைக்கு வரிக்கழிவு உண்டு, தனிநபருக்கு மொத்த வருமானத்தில் 10% வரைக்கும். இந்த அங்கீகாரம் இருக்கிற அமைப்புக்கும் இல்லாத அமைப்புக்கும் கம்பெனிக்காரங்க கதவு திறக்கிற விதமே வேற. 1993-இல் பராமரிப்பு நிலையங்கள் சட்டம். பிள்ளைகளைத் தங்க வச்சுப் பார்க்கிற இடம்னா சமூக நல இலாகாவில் பதிஞ்சிருக்கணும், தீயணைப்புப் படை, சுகாதார இலாகா எல்லாம் வந்து பார்க்கும். 2001-இல் சிறார் சட்டம். அதுக்கப்புறம் பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையை "எங்ககிட்ட விட்டுட்டுப் போங்க" என்று அப்பா அம்மா வாய்வார்த்தையில் ஒப்படைக்கிற காலம் போயிடுச்சு.

எனக்குத் தெரிஞ்ச நல்ல மனசுக்காரர் நிறைய பேருக்கு இந்தச் சட்டங்கள் மேல எரிச்சல். "நாங்க சேவை பண்றோம், எங்களை ஏன் படுத்துறாங்க" என்பாங்க. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குப் பின்கதவு வேணும், தீயணைப்பான் வேணும், ராத்திரி யார் காவல்னு எழுதி வச்சிருக்கணும். ஏழைப் பிள்ளைன்னா எது கொடுத்தாலும் போதும்னு நினைக்கிறது சேவை இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தங்குற ஹாஸ்டலில் இதெல்லாம் இல்லாம இருந்தா நாமளே சண்டைக்குப் போவோம்ல?

ஆனா சுத்த சமாஜத்தின் கதையில் எனக்கு ஒரு பயமும் இருக்கு. ஒருத்தர் தன் முழு வாழ்க்கையையும் தூக்கிக் கொடுத்ததால அது நின்னுச்சு. கல்யாணம் இல்லை, சொந்த வீடு இல்லை, ஓய்வு இல்லை. இதை வணங்கலாம். ஆனா ஒரு திட்டமா எழுதி, "அடுத்த தலைவருக்கான தகுதி: 62 வருடம்" என்று விளம்பரம் போட முடியாது. அப்படி ஒரு மனுஷி ஒரு தலைமுறைக்கு ஒருத்தர் வந்தாலே பெரிய விஷயம். மத்த இடங்களுக்கு வேற வழி வேணும்.

அந்த வேற வழியைக் கண்டுபிடிச்சவங்க கதைக்கு 1982-க்கு வரணும். இடையில் இருபது வருடத்தில் நம்ம மக்கள் நிலைமை தலைகீழாப் போயிடுச்சு. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் ஆச்சு. ரப்பரை வெட்டிட்டு செம்பனை போட்டாங்க. செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். அப்புறம் தோட்டத்தையே வித்து வீடமைப்புத் திட்டம் போட்டாங்க. லயத்திலிருந்து வெளியே வந்த குடும்பம் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டிக்கிச்சு, அங்கேயிருந்து பிறகு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போச்சு. இந்த முறை பிள்ளைகளுக்கு அப்பா அம்மா இருக்காங்க. இல்லம் வேண்டாம். ஆனா அப்பா லாரியில், அம்மா ஃபேக்டரி ஷிஃப்டில். வீட்டில் படிக்க மேசை இல்லை, சந்தேகம் கேட்க ஆள் இல்லை.

பள்ளிக்கூடத்திலும் ஒரு சல்லடை வச்சிருந்தாங்க. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிச்சவன் நேரா படிவம் ஒண்ணுக்குப் போக முடியாது. மலாய் மொழிக்காக ரிமூவ் கிளாஸில் ஒரு வருடம் உட்காரணும். அப்புறம் மூணாம் படிவத்தில் எஸ்.ஆர்.பி. பரீட்சை. 1978-இலிருந்து 1992 வரைக்கும் இருந்தது. அதில் தேறாதவன் நாலாம் படிவத்துக்குப் போக முடியாது, அதோட படிப்பு முடிஞ்சது. பதினாறு வயசில் ஒர்க்‌ஷாப்பில் டயர் கழட்டிக்கிட்டு நின்ன அண்ணன்மார் நம்ம குடும்பத்தில் எத்தனை பேர்! அவங்களை அறிவில்லாதவங்கன்னு சொல்லிட முடியுமா? கணக்கும் மலாயும் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருந்திருந்தா கதையே வேற.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர் டாக்டர் எம். தம்பிராஜா. அவரும் அங்கே படிச்ச மாணவர்களும் சேர்ந்து 1982-இல் ஆரம்பிச்சது ஸ்ரீ முருகன் கல்வி நிலையம். எஸ்.எம்.சி. என்றால் நிறைய பேருக்கு உடனே புரியும். யோசனை ரொம்ப எளிமை. பணம் கொடுத்து டியூஷன் வாத்தியார் வைக்க நம்ம மக்களால முடியாது. ஆனா நம்ம கிட்ட பல்கலைக்கழகத்துக்குள்ள போன பிள்ளைகள் கொஞ்சம் பேர் இருக்காங்க. போன வருடம், முந்தின வருடம்தான் அதே பரீட்சையைத் தாண்டினவங்க. அவங்களையே வார இறுதியில் வாத்தியாரா நிறுத்தினா என்ன? தமிழ்ப்பள்ளி வகுப்பறையோ, கோயில் மண்டபமோ, இடம் கிடைச்ச இடத்தில் வகுப்பு.

இதில் ஒளிஞ்சிருக்கிற வேலையைப் பாருங்க. பல்கலைக்கழக மாணவன் மூணு, நாலு வருடத்தில் பட்டம் வாங்கிட்டுப் போயிடுவான். அதாவது ஒவ்வொரு மூணு வருடமும் உங்க வாத்தியார் படை மொத்தமும் காலி. சாதாரணமாப் பார்த்தா இது பெரிய பலவீனம். ஆனா அதனாலேயே நிர்வாகம் ஒவ்வொரு வருடமும் புது ஆளைப் பிடிச்சு, பழக்கி, பொறுப்பைக் கைமாத்தியே ஆகணும். சுத்த சமாஜத்துக்கு 1961-இல் ஒரு தடவை வந்த சோதனை, இவங்களுக்கு ஒவ்வொரு செமஸ்டரும் வந்தது. வேற வழி இல்லாம அதுக்குப் பழகிக்கிட்டாங்க. படிச்ச பையன் திரும்பி வந்து சொல்லிக்கொடுப்பான், அவன்கிட்ட படிச்சவன் அடுத்து. என்னைக் கேட்டா இந்த நாட்டுத் தமிழர்கள் கண்டுபிடிச்ச சமூக ஏற்பாடுகளில் இது முக்கியமான ஒண்ணு. மொய்ப்பணம், கூட்டு முறை சீட்டு மாதிரி. இன்னைக்கு நான் வாங்கினதை நாளைக்கு வேற ஒருத்தருக்குத் திருப்பிக் கட்டுறேன், அவ்வளவுதான்.

இளைஞர்களே பொறுப்பு எடுத்துக்கிறது இங்கே புதுசும் இல்லை. 1950-களில் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி நடத்தின தமிழ் முரசு மாணவர்களுக்கென்று பக்கம் ஒதுக்கி, அதிலிருந்து மாணவர் மணிமன்றங்கள் கிளம்பி, மலாயா பூராவும் பரவிச்சு. தோட்டத்துப் பையன்கள் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தேர்ந்தெடுத்துக் கூட்டம் நடத்திக் கத்துக்கிட்டது அங்கேதான். நம்ம பழைய கோயில் செயலாளர்களில் பலருக்கு மினிட் எழுதத் தெரிஞ்சது எப்படின்னு கேட்டுப் பாருங்க, மணிமன்றம்னு சொல்லுவாங்க.

எஸ்.எம்.சி.க்குத் திரும்பி வர்றேன். பத்துமலைக்குக் கல்வி யாத்திரை என்று பெத்தவங்களையும் பிள்ளைகளையும் கூட்டிப் போனாங்க. படிப்பைப் பக்தியோட கட்டினாங்க. இதைப் பத்தி ரெண்டு விதமான பேச்சு உண்டு. "பரீட்சைக்கும் பால்குடத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்கிறவங்க இருக்காங்க. எனக்கு அந்தக் கேள்வி அநியாயமாப் படலை. ஆனா பள்ளிக்கூட ஆபீஸ் வாசலுக்கே போகப் பயப்படுற ஒரு அம்மா, கோயில்னா செருப்பைக் கழட்டிட்டு தைரியமா உள்ளே வருவாங்க. அவங்க நம்பிக்கையை வாங்க அதுதான் வாசல். அந்த வாசலை அவங்க கண்டுபிடிச்சது சாமர்த்தியம். அதே சமயம் நம்ம பிள்ளைகளில் கிறிஸ்தவக் குடும்பம் உண்டு, முஸ்லிம் குடும்பம் உண்டு, அதே பிளாக்கில், அதே கஷ்டத்தில். மண்டப வாசலில் தயங்கி நிக்கிற அந்தப் பிள்ளையை யார் கூப்பிடுவா? சுத்த சமாஜம் எல்லா மதத்துக்கும் பொதுவான மண்டபம் கட்டினது இந்த இடத்தில்தான் எனக்குப் பெரிசாத் தெரியுது. ரெண்டு பேரும் வேற வேற வாசல் வச்சாங்க. ரெண்டும் வேணும்.

மாணவத் தொண்டர்களை வச்சு நடத்துறதில் தொல்லை இல்லாம இல்லை. அவங்களுக்கே பரீட்சை வரும் மாசத்தில் நம்ம பிள்ளைகளுக்கும் பரீட்சை. நல்லாச் சொல்லிக்கொடுக்கிற ஒருத்தன் கிடைப்பான், அவனுக்குப் பினாங்கில் வேலை கிடைச்சிடும். கோயில் மண்டபம்னா தைப்பூசம், நவராத்திரி, கல்யாண முகூர்த்தம் எல்லாம் முதல், கணக்குப் பாடம் கடைசி. கார்த்திகை மாசத்தில் வெள்ளிக்கிழமை வகுப்பு வச்சுப் பாருங்க, தெரியும்.

இப்போ சல்லடை வேற மாதிரி. யு.பி.எஸ்.ஆர். பரீட்சையை 2021-இல் எடுத்துட்டாங்க, பி.டி.3-யும் அடுத்த வருடமே போச்சு. அதோட எஸ்.பி.எம். வரைக்கும் பொதுப் பரீட்சை இல்லாமப் போச்சு. பிள்ளைக்குப் பாரம் குறைஞ்சது நல்லதுதான். ஆனா முன்னாடி மூணாம் படிவத்தில் தடுக்கி விழுந்தவனை ஊரே பார்த்தது, வீட்டில் அழுதாங்க, யாராவது ஓடி வந்தாங்க. இப்போ ஒருத்தன் வழுக்கிக்கிட்டே போறது பதினேழு வயசு வரைக்கும் வெளியே தெரியாது. பெயர்ப் பட்டியலில் இருப்பான், வகுப்பில் இருக்கமாட்டான். ராத்திரி டெலிவரி ஓட்டுவான். பி40 குடும்பத்துப் பிள்ளைகளுக்காக வேலை செய்யுற யாரும் மதிப்பெண் தாளைவிட வருகைப் பதிவேட்டைத்தான் முதலில் பார்க்கணும் என்பது என் கட்சி. படிப்பை விட்டுட்ட பையன்களுக்குக் கைத்தொழில் கத்துக்கொடுக்க 2011-இல் மைஸ்கில்ஸ் அறவாரியம் வந்தது, களும்பாங்கில் வளாகமே வச்சிருக்காங்க. அது நல்ல வேலை. ஆனா பையன் அங்கே போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே பிடிக்கிற வேலை பக்கத்துக் கோயில் மண்டபத்தில் நடக்கக்கூடியது.

இப்போ ஏன் இதெல்லாம் எழுதுறேன்னு சிலருக்குப் புரிஞ்சிருக்கும். நம்ம ஆலய மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு நடத்துற டீச்சரம்மா இந்த வருடக் கடைசியோட விடுபடுறாங்க. அவங்களுக்கு எழுபது தாண்டிடுச்சு, முட்டி வலி. அவங்க பேரை இங்கே போடவேண்டாம்னு சொல்லிட்டாங்க. போன கூட்டத்தில் ஒருத்தர் "அவங்களை மாதிரி இன்னொருத்தர் கிடைக்கிற வரைக்கும் வகுப்பை நிறுத்தி வைக்கலாம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனா நிறுத்தி வச்ச வகுப்பு திரும்ப ஆரம்பிச்சதா எனக்குத் தெரிஞ்சு வரலாறு இல்லை. அவங்களை மாதிரி இன்னொருத்தரைத் தேடறதே தப்பான தேடல்னு நான் சொன்னேன். நாலு பேரா பிரிச்சுக்கலாம்.

சட்டப்படி ஏழு பேர் இருந்தா ஒரு சங்கம் பதியலாம். ஆனா நம்ம வகுப்பு ஆலயத்தின் துணைக்குழுவாவே இருக்கலாம், தனிப் பதிவு இப்போ வேண்டாம். என் யோசனை இதுதான். பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரிக்கிற வேலை ஒருத்தருக்கு. யார் ரெண்டு வாரம் வரலையோ அவங்க வீட்டுப் படி ஏறிப் பார்க்கணும், மாடி லிஃப்ட் வேலை செய்யுதோ இல்லையோ. கணக்குப் புத்தகம் இன்னொருத்தருக்கு, வங்கியில் ரெண்டு கையெழுத்து இல்லாம பத்து வெள்ளிகூட எடுக்கக் கூடாது. பாடத் தொண்டர்களைப் பல்கலைக்கழகத்திலிருந்தும் பாலிடெக்னிக்கிலிருந்தும் பிடிச்சுக் கொண்டுவர ஒருத்தர். நாலாவது ஆள் மண்டபத் தேதிக்காக நிர்வாகத்தோட சண்டை போடறவர். சிரிக்காதீங்க, அதுதான் கஷ்டமான பதவி. இந்த நாலு பேருக்கும் ரெண்டு வருடம்தான் பொறுப்பு. ஒவ்வொருத்தரும் முதல் நாளே தனக்கு அடுத்த ஆள் பேரை எழுதிக் கொடுத்துடணும்.

இப்போ எஸ்.பி.எம். எழுதப்போற பிள்ளைகள் நம்ம வகுப்பில் ஒன்பது பேர். பரீட்சை முடிஞ்சதும் அவங்களையே முதலாம் படிவப் பிள்ளைகளுக்கு உதவியாளரா நிறுத்தணும்னு டீச்சரம்மாவே சொல்றாங்க. மூணு பேர் சரின்னுட்டாங்க. ஒரு பொண்ணு மட்டும், "நான் வர்றேன், ஆனா கணக்கு சொல்லிக்கொடுக்க மாட்டேன், மலாய் மட்டும்தான்" என்று கறாரா சொல்லிடுச்சு. அதுவும் எழுதிக்கிட்டோம்.

வர்ற ஞாயிறு காலைப் பூஜை முடிஞ்சு பத்தரை மணிக்கு மண்டபத்தில் கூடறோம். பசியாற உண்டு. 80-களிலோ 90-களிலோ எஸ்.எம்.சி. வகுப்பில் படிச்சவங்க, சொல்லிக்கொடுத்தவங்க, பூச்சோங் இல்லத்தில் வளர்ந்தவங்க யாராவது நம்ம வட்டாரத்தில் இருந்தா கட்டாயம் வாங்க. அப்போ வருகைப் பதிவேடு எப்படி வச்சிருந்தாங்க, வராத பிள்ளையை எப்படித் தேடினாங்க என்று கேட்டு எழுதிக்கணும். பழைய நோட்டுப் புத்தகம், படம் ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க, அங்கேயே படம் பிடிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்துடுறோம்.